இரண்டாம் நாள் பதில்கள்

அவளுக்குச் சல்லடை என்று பெயர் வைத்தது யாரென்று அவளுக்கே தெரியாது. பகலில் சட்டப் புத்தகங்கள் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. செத்துப்போன அண்ணனின் மனைவியோடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தாள். சனி, ஞாயிறு வந்தால் மட்டும் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது.

அந்த வேலை நடந்த வலைத்தளத்துக்கு முதலாளி கிடையாது. பெரிய கம்பெனிகளின் தளங்களைப்போல் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதில்லை. ஆர்வமுள்ளவர்கள் ஆங்காங்கே சின்னச் சின்ன சர்வர் வைத்திருப்பார்கள். ஒரு சர்வரில் எழுதியது தபால் மாதிரி மற்ற சர்வர்களுக்கெல்லாம் போய்ச் சேரும். விளம்பரம் இல்லை, வேவு பார்ப்பவர் இல்லை. ஆனால் இவர்தான் இன்னார் என்று முத்திரை குத்திக் கொடுக்கவும் மேலே ஆள் இல்லை. நிலாவில் நடந்தவன் நான்தான் என்று ஒருவர் கணக்குத் திறந்தால் தடுப்பாரில்லை. அங்கேதான் அவள் பொதுக் கேள்வி நேரம் நடத்தினாள். ஒவ்வொரு முறையும் ஒரு விருந்தினர். தீயணைப்பு வீரர், பிணவறை உதவியாளர், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் என்று யாராவது இரண்டு நாள் உட்கார்ந்து, யார் எதைக் கேட்டாலும் பதில் எழுதுவார்கள்.

விருந்தினரை அவள் சலித்து எடுக்கிற விதத்தைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும். ஆள் வேலை பார்த்த இடமோ அவருடைய சங்கமோ தன் பக்கத்தில் அவர் கணக்கின் முகவரியைப் போட வேண்டும். இரண்டு நாளும் ஆரம்பிக்கும் முன் வீடியோவில் அவர் முகத்தை அவள் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் ‘உறுதி செய்யப்பட்டது’ என்று போடுவாள். பதில் அவருடையதாகவே இருக்க வேண்டும். வேறொருவர் தட்டெழுதினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். திருத்தினால் பழையதும் கண்ணில் படவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும், அமைச்சரே வந்தாலும் சரி, வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள்.

இந்தப் பிடிவாதம் அண்ணன் போனதிலிருந்து வந்தது. அவனுக்கு இதயத்தில் கோளாறு, தினமும் ஒரு மாத்திரை. பெரிய தளம் ஒன்றில் இதய நிபுணர் என்று ஒருவர் கேள்வி பதில் நடத்தினார். ஆறு மாதம் தொந்தரவு இல்லையென்றால் நிறுத்திப் பார்க்கலாம் என்று எழுதினார். அண்ணன் நிறுத்திப் பார்த்தான். பதினோரு வாரம் தாங்கியது. பிறகு விசாரித்தபோது அந்த நிபுணர் டாக்டரே இல்லை, எவனோ பொழுது போகாதவன். கணக்கை மூடிவிட்டுப் போயிருந்தான்.

சர்வரைப் பார்த்துக்கொண்டவர் பகலில் ஒரு பல் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் வேலை செய்பவர். “நான் குழாயை மட்டும்தான் பாக்குறேன், தண்ணி உங்க பொறுப்பு” என்பார். அதனால் அவருக்குக் குழாய்க்காரர் என்று பெயர்.

அந்தத் தடவை விருந்தினராக வந்தவர் ஒரு ரயில் டிரைவர். ஓய்வுபெற்று எட்டு மாதம். முப்பத்து மூன்று வருஷம் ஒரே தடத்தில் உள்ளூர் வண்டி ஓட்டியவர். அந்த வருஷங்களில் ஆறு பேர் அவருடைய வண்டியில் அடிபட்டு இறந்திருக்கிறார்கள். சங்கத்துச் செயலாளர்தான் கேட்டுச் சம்மதிக்க வைத்தார்.

சனிக்கிழமை காலை வீடியோவில் பார்த்தபோது டிரைவர் சாப்பாட்டு மேஜையில், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு, பரீட்சை எழுத வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். பக்கவாட்டிலிருந்து ஒரு கை வந்து போனை நேராக்கிவிட்டுப் போனது. அவருடைய மனைவி.

“எதை வேணும்னாலும் கேப்பாங்க சார்,” என்றாள் சல்லடை. “பதில் சொல்லப் பிடிக்கலைன்னா விட்டுடுங்க. கட்டாயம் இல்லை.”

“கேக்கட்டும்மா. இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்லை. விசாரணையில கேட்டாங்க, அது வேற.”

முதல் நாள் அவர் எழுதிய பதில்கள் குச்சி குச்சியாக இருந்தன. வண்டி நிற்க எவ்வளவு தூரம் பிடிக்கும் என்று ஒருவர் கேட்டார். ‘நிறுத்த முயற்ச்சி செய்வோம். நிற்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.’ மறுநாள் வேலைக்குப் போனீர்களா? ‘மூன்று நாள் லீவு. நான்காம் நாள் அதே தடம்.’ உங்கள் வண்டி முன்னால் வந்தவர்கள்மேல் கோபம் உண்டா? ‘இல்லை.’ அந்த ஒற்றைச் சொல்லை அன்றைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள்.

மாலை முடிக்கப் போகிற நேரத்தில் ஊதா என்ற பெயரில் ஒரு பெண் எழுதினாள். ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதி, ஒரு ரயில்வே கேட், காலை ஒன்பது இருபது வண்டி. ‘அடிபட்டவன் என் தம்பி. பத்தொன்பது வயது. நீங்கள் ஓட்டிய தடத்தைப் பார்த்துத்தான் கேட்கிறேன். அந்த வண்டி உங்களுடையதா? அவன் தடுக்கி விழுந்தானா, தெரிந்தே நின்றானா? ஓட்டுநரால் உறுதியாகக் கூற இயலவில்லை என்று விசாரணை அறிக்கையில் இருக்கிறது. அன்று காலை அப்பா அவனைத் திட்டியிருந்தார். அன்றிலிருந்து நான்தான் கொன்றேன் என்று சொல்லிக்கொண்டு அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அம்மாவுக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான்.’

சல்லடை உடனே டிரைவரைப் போனில் கூப்பிட்டாள். “சார், அந்தக் கடைசிக் கேள்வியை நீங்க தொட வேண்டாம். நான் அவங்ககிட்டப் பேசிக்கிறேன்.”

“என் வண்டிதான்” என்றார் டிரைவர். “நாளைக்கு எழுதறேன்னு போடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவுக்குக் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. சிறிது நேரத்தில் அவருடைய மனைவி சாதாரண அழைப்பில் வந்தாள்.

“அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சும்மா. பேச முடியலை. ஆனா எழுதுவார், பக்கத்துலதான் இருக்கார்.”

“ஒரு நிமிஷம் முகத்தை மட்டும் காட்டச் சொல்லுங்களேன்க்கா.”

“குளிக்கக்கூட இல்லைம்மா, சங்கடப்படறார். நேத்துதான் பாத்தீங்களே.”

எப்போதும்போல் மாட்டேன் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். நானூறு பேருக்குமேல் காத்திருந்தார்கள். ஊதா காலை ஏழு மணியிலிருந்து அங்கேயே இருந்தாள். சல்லடை கடிகாரத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். முகம் பார்க்காமலே ‘இரண்டாம் நாள்: உறுதி செய்யப்பட்டது’ என்று போட்டாள். ஐந்து வருஷத்தில் அப்படிப் போட்டது அதுதான் முதல் தடவை.

அன்றைய பதில்கள் நேற்றையவற்றைவிட நீளமாகவும் இதமாகவும் இருந்தன. மனசு இளகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஊதாவுக்கு வந்த பதில் இது:

‘ஆமாம் அம்மா, அது என் வண்டிதான். உங்கள் தம்பி கேட்டைக் கடக்க முயற்சி செய்தார். அவசரத்தில் கால் தடுக்கி விழுந்துவிட்டார். எழுந்திருக்கப் பார்த்தார், அதற்குள் வண்டி வந்துவிட்டது. அவர் சாக நினைத்து வரவில்லை. உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், திட்டாத அப்பா உலகத்தில் இல்லை.’

ஒரு மணிநேரம் ஊதாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பிறகு எழுதினாள்: ‘படித்துக் காட்டினேன். அப்பா எழுந்து வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அழுதுகொண்டிருக்கிறார்கள். இன்றைக்கு எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது?’

அதைப் படித்தவர்களில் அழாதவர் குறைவு. அண்ணிகூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து, சல்லடையின் தோளுக்குமேல் எட்டிப் படித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே போனாள்.

கேள்வி நேரம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொகுத்து நிரந்தரப் பதிவாக வைப்பது வழக்கம். திங்கட்கிழமை அச்சகத்தில் மதிய இடைவேளையில், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் அதை ஆரம்பத்திலிருந்து படித்தாள். பேனாவை எடுக்காமல் அவளால் எதையும் படிக்க முடியாது. முதல் நாள் பதில்களில் ‘முயற்ச்சி’ என்று ஐந்து இடத்தில் இருந்தது. ஐந்தும் தவறு. இரண்டாம் நாள் அந்தச் சொல் மூன்று இடத்தில் வந்தது. மூன்றும் சரி.

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. முப்பது வருஷம் பிழைகளோடு பழகியவள். ஒருவருடைய பிழை அவருடைய கையெழுத்து மாதிரி. ஒரே ராத்திரியில் திருந்தாது. மறுபடி படித்தாள். முதல் நாள் முழுக்க ஒரு கமாகூடக் கிடையாது. இரண்டாம் நாள் கமாக்கள் வரிசையாக நின்றன.

குழாய்க்காரரிடம் கேட்டாள். “ஒரே போன், ஒரே இடம்,” என்றார் அவர். “வெளியாள் யாரும் உள்ளே புகலை. வீட்டுக்குள்ள யார் கையில இருந்துச்சுங்கறது குழாய்க்குத் தெரியாதுங்க.”

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு அவள் டிரைவர் வீட்டுக்குப் போனாள். ரயில் ஊழியர் குடியிருப்பை ஒட்டிய தெருவில் கீழ்த்தள வீடு. மனைவிதான் கதவைத் திறந்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வுபெற்றவள். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள்.

“எப்படித் தெரிஞ்சுது?”

“நீங்க தப்பில்லாம எழுதறீங்கக்கா.”

அந்த அம்மாள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அடுக்களைக்குக் கூட்டிப்போய் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“சனிக்கிழமை அந்தப் பொண்ணு கேட்டதைப் படிச்சதும் போய்ப் படுத்தவர்தான். சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்திருக்கார். ஞாயித்துக்கிழமை எழுந்திருக்கவே இல்லை. எழுதறேன்னு வாக்கு குடுத்தாச்சு. அந்தப் பொண்ணு தளத்துலயே காத்துக்கிட்டிருக்கா. நான் என்ன செய்யட்டும்?”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நிறுத்திடுவீங்க. ஒரு அம்மா கேக்கறாம்மா.” முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “நான் பொய் எழுதலை. அன்னைக்கு அவர் வேலையிலேருந்து வந்து இதே அடுக்களையில, அதோ அந்த மூலையில உக்காந்து சொன்னார், பையன் கால் தடுக்கி விழுந்துட்டான்னு. அவர் சொன்னதை நான் தட்டெழுதினேன், அவ்வளவுதான். என் உத்தியோகமே அதுதானே?”

சல்லடைக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. அப்படியானால் பதில் உண்மைதான், எழுதிய கைதான் வேறு. “அப்ப பிரச்சினை இல்லைக்கா. இரண்டாம் நாள் பதிலெல்லாம் முன்னாடி அவர் உங்ககிட்டச் சொன்னதை வெச்சு நீங்க எழுதினதுன்னு போட்டுடறேன். முகம் பாக்காம உறுதி செஞ்சது என் தப்புன்னும் போடறேன். அதோட முடிஞ்சுது.”

“போட்டே ஆகணுமா?”

“ஆகணும்க்கா.”

உள்ளறைக் கதவு திறந்தது. டிரைவர் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று நாள் தாடி. சனிக்கிழமை போட்டிருந்த அதே சட்டை, கசங்கி.

“அப்படிப் போடாதீங்க,” என்றார். “நான் இவகிட்டச் சொன்னதும் நிஜமில்லை.”

மனைவி திரும்பினாள். “என்னங்க சொல்றீங்க?”

“நான் பாக்கலை.”

“எதைப் பாக்கலை?”

“அந்தப் பையனைத் தூரத்துல பாத்தேன். கேட்டுப் பக்கத்துல ஒரு ஆள், அவ்வளவுதான். ஹாரன் அடிச்சேன், பிரேக் போட்டேன். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டேன்.” அவர் மனைவியைப் பார்க்கவில்லை, சல்லடையையும் பார்க்கவில்லை. தரையில் ஏதோ ஓர் இடத்தைப் பார்த்துப் பேசினார். “முதல் ரெண்டு பேரைக் கண்ணைத் திறந்து பாத்தேன். அதுக்கப்புறம் வந்த நாலு பேருக்கும் மூடிக்கிட்டேன். அவன் தடுக்கி விழுந்தானா, நின்னானா, எனக்குத் தெரியாதும்மா. விசாரணையில கண்ணை மூடினேன்னு சொன்னா வண்டியைக் குடுக்க மாட்டாங்க. அதனால உறுதியாச் சொல்ல முடியலைன்னேன்.”

“எங்கிட்ட ஏன்?” மனைவியின் குரல் ஒரு மாதிரி வறண்டு வந்தது. “எங்கிட்ட எதுக்குங்க பொய்?”

“நீ அழுதுக்கிட்டிருந்தே. பத்தொன்பது வயசுப் பையன், எதுக்குங்க நின்னான், எதுக்குங்க நின்னான்னு திரும்பத் திரும்பக் கேட்டே. எதையாவது சொல்லணுமே. தடுக்கி விழுந்தான்னேன். நீ அழுகையை நிறுத்தினே.”

அந்த அம்மாள் திரும்பிக்கொண்டாள். குழாயடியில் இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கழுவினதையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள். ஆறு வருஷமாக அவளும் அந்தப் பையன் தடுக்கி விழுந்தான் என்று நம்பித்தான் தூங்கியிருக்கிறாள்.

டிரைவர் ஸ்டூலை இழுத்துச் சல்லடைக்கு எதிரில் உட்கார்ந்தார். “நானே எழுதறேன். உங்க விதிப்படி முகத்தைப் பாத்துக்குங்க.”

“கொஞ்சம் பொறுங்க சார். ஊருக்குத் தெரியறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்குத் தெரியணும்.”

ஊதாவுக்குத் தனிச் செய்தியில் தன் எண்ணை அனுப்பினாள். கால்மணி நேரத்தில் அழைப்பு வந்தது. சல்லடை வாசலுக்குப் போய் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தான் முகம் பார்க்காமல் முத்திரை குத்தியதையும், எல்லாவற்றையும் தளத்தில் திருத்தப் போவதையும் சொன்னாள். ஊதா நடுவில் குறுக்கிடவே இல்லை. பின்னால் ஏதோ ஆபீஸின் சத்தம் கேட்டது, பிரிண்டர் ஓடுகிற சத்தம்.

“இதை எங்களுக்கு மட்டும் சொன்னாப் போதுமே,” என்றாள் ஊதா கடைசியில். “ஊருக்கு எதுக்கு?”

“அந்தப் பதில் எத்தனையோ சர்வருக்குப் போயிடுச்சும்மா. உங்களைப்போல இன்னும் எத்தனை பேர் அதைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களோ. நான் உறுதின்னு போட்டதாலதான் நம்பினாங்க.”

“எங்கப்பா நேத்து மூணு வேளையும் எங்களோட சாப்பிட்டார்.”

சல்லடை வாசல்படியில் உட்கார்ந்தாள்.

“ஆறு வருஷம் கழிச்சு நேத்துதாங்க,” என்றாள் ஊதா. “ரசம் நல்லா இருக்குன்னு சொன்னார்.” குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டாள். “நீங்க திருத்துங்க. நீங்க திருத்தலைன்னாலும் எனக்குத் தெரிஞ்சாச்சு. ஆனா எங்க வீட்டுல நான் சொல்ல மாட்டேன். அவங்க ரெண்டு பேரும் அந்தத் தளத்துக்கெல்லாம் வரமாட்டாங்க. இது என்னோட இருந்துட்டுப் போகட்டும்.”

“என்னை மன்னிச்சுடும்மா.”

“அவர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்றீங்களா? கண்ணை மூடறதுக்கு முன்னாடி, அவன் எந்தப் பக்கம் திரும்பி நின்னான்?”

சல்லடை உள்ளே போய்க் கேட்டாள். டிரைவர் ரொம்ப நேரம் யோசித்தார். உதடு அசைந்தது. பிறகு தலையை ஆட்டினார். ஞாபகமில்லை. அதையும் வாசலுக்கு வந்து சொன்னாள். ஊதா “சரிங்க” என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, டிரைவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினார். சல்லடை எதிரில் இருந்தாள். ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. ‘இரண்டாம் நாள் பதில்கள் என்னுடையது இல்லை என் மனைவி எழுதியது. அவள் நான் சொன்னதை நம்பி எழுதினாள். நான் சொன்னது பொய். அந்த தம்பி எப்படி விழுந்தார் என்று எனக்கு தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான்கு பேருக்கு மூடிக்கொண்டேன். அவர்கள் கடைசியாக எப்படி இருந்தார்கள் என்று பார்த்து சொல்ல உலகத்தில் ஒரே ஆள் நான்தான் நான் பார்க்கவில்லை. அந்த குடும்பங்களிடம் மன்னிப்பு கேட்கிறேன்.’

அதற்குக் கீழே அவள் தன்னுடைய தவறை எழுதினாள். எந்த நாள், எந்த நேரம், யாரைப் பார்க்காமல் பார்த்ததாகச் சொன்னேன் என்று சுற்றி வளைக்காமல் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைப் பதில்கள் ஒவ்வொன்றின் தலையிலும் திருத்தக் குறிப்பைப் போட்டாள். குழாய்க்காரர் அதை எல்லாச் சர்வருக்கும் அனுப்பினார்.

“எல்லா இடத்துலயும் மாறிடுமா?” என்று கேட்டாள்.

“மாத்தச் சொல்லிக் கேக்கலாம். மாத்துன்னு கட்டளை போட முடியாது. பாதிப் பேர் மாத்துவாங்க. சில சர்வரைப் பாத்துக்கவே ஆள் இல்லை, அங்க பழசு அப்படியேதான் கிடக்கும். முதலாளி இல்லாத இடம்னா இதுவும் சேர்ந்ததுதானேங்க.”

வசவு வராமல் இல்லை. அண்ணன் செத்த கதையைச் சொல்லித்தானே இந்தக் கடையை நடத்தினாய், நீயே கள்ள முத்திரை குத்தினாயே என்று ஒருவர் எழுதினார். டிரைவரைக் கோழை என்றும் எழுதினார்கள். நான்காம் நாள் தூரத்து சர்வர் ஒன்றிலிருந்து வேறொரு ரயில் டிரைவர் ஒரே வரி எழுதினார்: ‘நானும் மூடிக்கொண்டேன்.’ மறுநாள் இரண்டு பேர். அந்த வாரம் முடிவதற்குள் இருபத்தாறு பேர், பஸ் ஓட்டுகிறவர், லாரி ஓட்டுகிறவர், கிரேன் ஓட்டுகிறவர் உட்பட. பெண்டாட்டியிடம் சொன்னதில்லை, இங்கேதான் முதலில் சொல்கிறேன் என்று பலர் எழுதியிருந்தார்கள். டிரைவர் அவர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதினார். தினம் காலையில் முகம் கழுவி, தலை சீவி, வீடியோவில் சல்லடைக்கு முகத்தைக் காட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அவள் கேட்கவே இல்லை, அவராகத்தான் செய்தார். பின்னால் அடுக்களைக் கதவு சாத்தியே இருக்கும். ஒரு நாள் “அக்கா எப்படி இருக்காங்க?” என்று கேட்டாள். “சமைக்கறா, துவைக்கறா, கேட்டதுக்குப் பதில் சொல்றா,” என்றார். “என்னைக் கேள்விதான் கேக்கறதில்லை.”

ஊதாவின் கணக்கு ஒரு வாரம் சத்தமில்லாமல் இருந்தது. பிறகு அவளே அதை மூடிவிட்டாள்.

சல்லடை கேள்வி நேரத்தை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தாள். சனிக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் கம்பியைத் துடைத்தாள், பழைய புடவைகளை மடித்தாள். ஒரு நாள் அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து தண்டைக் கிள்ளிப் போட ஆரம்பித்தாள்.

“அண்ணி, நான் செஞ்சது சரியா?”

அண்ணி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அந்த டாக்டர் டாக்டரே இல்லைன்னு அன்னைக்கே யாராவது சொல்லியிருந்தா, உங்கண்ணன் இன்னைக்கு இருந்திருப்பார். அதை நினைச்சா நீ செஞ்சது சரி.”

“அதை நினைக்காட்டி?”

“அந்த மனுஷன் ரசம் நல்லா இருக்குன்னு சொன்னாரே,” என்றாள் அண்ணி. அடுத்த கட்டைப் பிரித்தாள்.

அதற்கு அடுத்த வாரம், ஒரு முற்பகலில், அச்சகத்தில் அவள் நீளமான ஒப்பந்தச் சட்டம் ஒன்றின் மூன்றாம் திருத்தப் படியைப் படித்துக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வயதான குரல்.

“அந்தக் கேள்வி பதில் நடத்தற அம்மாதானே? எம்பொண்ணு போன்ல உங்க நம்பரைப் பாத்தேன். அவளுக்குத் தெரியாமத்தான் பேசறேன். நான் அந்தப் பையனோட அம்மா.”

சல்லடை எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். அச்சு இயந்திரத்தின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. மாடிப்படிக் கதவைத் திறந்து படியில் நின்றுகொண்டாள்.

“சொல்லுங்கம்மா.”

“ஒண்ணுமில்லைம்மா. அந்த டிரைவர் ஐயாவுக்கு நேர்ல நன்றி சொல்லணும்னு நினைச்சேன். எங்க வீட்டுக்காரர் வேண்டாம், அவரைத் தொந்தரவு பண்ணாதேன்னுட்டார். நீங்களாவது சொல்லிடுங்க. எம்புள்ளை எழுந்திருக்கப் பாத்தான்னு அவர் எழுதினாரே, அந்த ஒரு வரி போதும்மா எனக்கு. இருக்கணும்னுதானே எழுந்திருக்கப் பாத்தான்? அதைக் கண்ணால பாத்த ஒருத்தர் சொல்லிட்டார். நான் இனிமே யார்கிட்டயும் எதுவும் கேக்க வேண்டாம்.”

சல்லடை சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். அந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கேட்டாள்.

“கேக்குதாம்மா? சொல்லிடுவீங்களா?”

“கேக்குதும்மா,” என்றாள் அவள். “சொல்லிடறேன்.”

“எங்க வீட்டுக்காரர் இப்பல்லாம் நல்லா சாப்பிடறார்,” என்றாள் அந்த அம்மாள். “நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்க. குரல் ரொம்பச் சோர்ந்து இருக்கு.”

அழைப்பு முடிந்த பிறகு அவள் உள்ளே போகாமல் படியிலேயே உட்கார்ந்தாள். கீழ்த்தளத்தில் காகிதக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எத்தனையாவது கட்டு என்று யாரோ உரக்க எண்ணினார்கள். மேற்பார்வையாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“யாருங்க? வீட்டுல ஏதாவது பிரச்சினையா?”

“இல்லைங்க, தெரிஞ்சவங்க,” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.